மீன் வண்டியின் சார்ஜிங் போர்ட் கருகினால்

கேள்வி: முட்டம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தக்கலை, நாகர்கோவில் பகுதிக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் மீன் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சிறிய மின்சார வேன் வாங்கி ஓட்டிவருகிறேன். வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கொஞ்ச நாளாக இரவில் வீட்டில் சார்ஜ் போட்டால் விடியற்காலையில் பாதியில் நின்றுகிடக்கிறது. வெயில் ஏறிய பிறகு போட்டால் ஏறுகிறது. நெடுஞ்சாலையில் உள்ள வேக சார்ஜரில் போட்டால் பத்து நிமிடம் ஏறிவிட்டு நின்றுவிடுகிறது. போர்ட்டின் மூடியைத் திறந்து பார்த்தால் மேலே உள்ள சின்னப் பின்களில் பச்சை பிடித்திருக்கிறது. அதற்குக் கீழே மூன்று பின் இருக்கும் வரிசையில் ஓரத்துப் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறது. கம்பெனி சர்வீஸில் போர்ட்டோடு கேபிளையும் சேர்த்து மொத்தமாக மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். வீட்டு வயரிங் வேலை செய்யும் என் மைத்துனர், போர்ட்டை மட்டும் ஆன்லைனில் வாங்கினால் அதில் கால்வாசிகூட ஆகாது, அரை நாளில் மாட்டித் தருகிறேன் என்கிறார். வண்டி நின்றால் என் தொழிலும் நின்றுவிடும். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: அன்புள்ள நண்பருக்கு வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். போர்ட்டை மாற்றத்தான் வேண்டும். அதைக் கேபிளோடு சேர்ந்த முழு அமைப்பாக, உயர் மின்னழுத்த வேலையில் பயிற்சி பெற்றவர் கையால் மாற்ற வேண்டும்; உங்கள் மைத்துனர் அந்த வேலையில் கை வைக்கக் கூடாது. ஆனால் அவர் மட்டுமே செய்யக்கூடிய இன்னொரு வேலை உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதைச் செய்யாமல் போர்ட்டை மட்டும் மாற்றினால் புதிய போர்ட்டும் இதே இடத்தில் இதே போலக் கருகும் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைத் தேடாமல் பொருளை மாற்றுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய செலவு.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களிலிருந்து உங்கள் வண்டியில் இருப்பது சிசிஎஸ்2 வகைப் போர்ட், அதாவது வீட்டு சார்ஜுக்கும் வேக சார்ஜுக்கும் சேர்த்து ஒரே போர்ட், என்று தெரிகிறது. அதன் மேற்பகுதி வட்டமாக இருக்கும். கீழே இரண்டு பெரிய பின்கள் தனியாக இருக்கும். வட்டத்தின் உச்சியில் உள்ள இரண்டு சிறிய பின்கள் மின்சாரத்தை ஏற்றுவதற்கானவை அல்ல. சார்ஜரும் வண்டியும் பேசிக்கொள்வதற்கான சிக்னல் பின்கள். அவற்றுக்குக் கீழே உள்ள மூன்றில் நடுவில் இருப்பது எர்த், இரு பக்கமும் இருப்பவை வீட்டு மின்சாரத்தின் ஃபேஸும் நியூட்ரலும். அடியில் உள்ள பெரிய இரண்டு பின்கள் வேக சார்ஜருக்கானவை; அவற்றின் வழியாக வரும் டிசி மின்சாரம் இடையில் வேறு சார்ஜர் எதுவும் இல்லாமல், காண்டாக்டர்கள் எனப்படும் பெரிய மின் சுவிட்சுகளை மட்டும் தாண்டி நேராகப் பேட்டரிக்குப் போகிறது. ஆகவே பச்சை பிடித்த பின்களும் பழுப்பேறிய பின்னும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள் அல்ல. உங்கள் போர்ட்டில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன, அவற்றுக்குக் காரணமும் வேறு வேறு.

முதலில் பச்சையைப் பார்ப்போம். மேலே உள்ள சிக்னல் பின்களில் ஒன்றுக்குச் சார்ஜர் 12 வோல்ட் கொடுத்துக் காத்திருக்கும். கன்னை, அதாவது சார்ஜிங் கேபிளின் முனையில் உள்ள பிளக்கை, மாட்டியதும் வண்டிக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் அதை 9 வோல்ட்டுக்கு இறக்கும். ‘நான் தயார், மின்சாரம் விடு’ என்று வண்டி சொல்ல விரும்பும்போது இன்னொரு ரெசிஸ்டர் சேர்ந்து 6 வோல்ட்டுக்கு இறக்கும். சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க இந்த 6 வோல்ட் அங்கே நின்றாக வேண்டும். சிக்னல் உண்மையில் மேலும் கீழுமாக, ஒரு நொடிக்கு ஆயிரம் முறை, கூட்டலுக்கும் கழித்தலுக்கும் மாறிக்கொண்டிருக்கும். வண்டிக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று இருப்பதால் கூட்டல் பக்கம் மட்டும் 6 வோல்ட்டுக்கு இறங்கும். கழித்தல் பக்கம் 12 வோல்ட்டிலேயே நிற்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் தன் முன்னால் இருப்பது வண்டி அல்ல, வேறு ஏதோ கசிவு என்று சார்ஜர் முடிவு செய்து மின்சாரத்தை நிறுத்திவிடும். உப்பு நீருக்கு டயோடு கிடையாது; அது இரு திசையிலும் மின்சாரத்தைக் கடத்தும். பின்னின் அடியில் படிந்த உப்பு, இரவுப் பனியையும் கடற்காற்றின் ஈரத்தையும் இழுத்து விடியற்காலையில் நனைந்துகொள்கிறது, வெயில் ஏறியதும் காய்ந்துவிடுகிறது. உங்கள் வண்டி விடியலில் நின்று பகலில் ஏறுவதற்கு மிகவும் பொருத்தமான விளக்கம் இதுதான். இந்த நிலையில் சார்ஜர் நிற்பது பழுது அல்ல, அது தன் காவல் வேலையைச் சரியாகச் செய்கிறது. எர்த் வயரில் எதையாவது செய்து நிற்காமல் ஏற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வண்டியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து வந்துவிடுங்கள்.

பழுப்பு இதைவிடக் கவலைக்குரியது. பின்னும் கன்னின் உள்ளே உள்ள குழலும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அவற்றுக்கிடையே உள்ள மின்தடை மிகச் சிறியது. உப்பும் துருவும் தேய்மானமும் சேர்ந்து அதை 50 மில்லி ஓம் அளவுக்கு உயர்த்திவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு. வீட்டில் 16 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே இடத்தில் சுமார் 13 வாட் வெப்பம் பிறக்கும். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பின்னுக்குள், காற்றே புகாத இடத்தில், ஆறேழு மணி நேரம் தொடர்ந்து 13 வாட் என்றால், சால்டரிங் அயர்னைப் பாதி சூட்டில் பிளாஸ்டிக்குக்குள் செருகிவைத்தது மாதிரி. மின்சாரம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால், அடியில் உள்ள டிசி பின்களில் இதே தடை உருவாகி 40 ஆம்பியர் ஓடினால் 80 வாட் வந்துவிடும். பிளாஸ்டிக் பழுப்பாவது அதன் தொடக்கம். வெப்பம் பின்னின் பிடிப்பைத் தளர்த்தும், தளர்ந்த பிடிப்பு மேலும் வெப்பத்தை உண்டாக்கும். ஆகவே பழுப்பேறிய பின் தானாக ஒருபோதும் சரியாகாது.

வேக சார்ஜர் பத்து நிமிடத்தில் நிற்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஆரம்பிக்கவே மறுத்திருந்தால் நான் இன்சுலேஷனையும் சிக்னலையும் கன்னைப் பூட்டும் லாக்கையும் சந்தேகப்பட்டிருப்பேன். ஏனென்றால் வேக சார்ஜர் மின்சாரத்தை விடுவதற்கு முன்பே இன்சுலேஷனைச் சோதித்துப் பார்க்கிறது. ஏறத் தொடங்கிச் சிறிது நேரத்தில் நிற்பது பெரும்பாலும் வெப்பம் தொடர்பானது. டிசி பின்களின் அருகே வெப்பமானி ஒன்று இருக்கிறது. பல போர்ட்டுகளில் அது பிடி1000 என்ற வகை. பூஜ்யம் டிகிரியில் 1000 ஓம், அதன் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 3.85 ஓம் கூடும். அதன் வயர் இணைப்பில் உப்பு அரித்து வெறும் 100 ஓம் கூடிவிட்டால் போதும், பின் உண்மையில் இருப்பதைவிட 26 டிகிரி சூடாக இருப்பதாக வண்டி நம்பிவிடும். அப்படிப் பொய்யாக நின்றால் தொந்தரவு மட்டும்தான். வேறு சில போர்ட்டுகளில் சூடு ஏற ஏற ஓம் குறையும் வகை வெப்பமானி இருக்கும். அங்கே அதே அரிப்பு பின்னைக் குளிர்ச்சியாகக் காட்டும், நிற்க வேண்டிய வண்டி நிற்காது. ஆகவே உங்கள் சர்வீஸ் மையத்தில், போர்ட்டைக் கழற்றுவதற்கு முன், ஸ்கேனரில் அந்த வெப்பமானி காட்டும் அளவைக் காட்டச் சொல்லுங்கள். இரவு முழுக்க நிறுத்தி வைத்த வண்டியில், சார்ஜ் போடாத நிலையில், அது அன்றைய காற்றின் வெப்பத்தை ஒட்டியே இருக்க வேண்டும். மேலும் கீழுமாகப் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டினால் வெப்பமானியோ அதன் இணைப்போ கெட்டிருக்கிறது. சரியாகக் காட்டினால், டிசி பின் உண்மையிலேயே சூடாகிறதா, அல்லது பேட்டரியின் பக்கத்தில் கோளாறா என்று தேட வேண்டும். இந்தப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் கேட்டால்தான் செய்வார்கள்.

இதற்கிடையில் பின்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பலர் முதலில் செய்வது அதைத்தான், தேய்த்த அன்று சார்ஜ் நன்றாக ஏறவும் செய்யும். அந்தப் பின்களின் மேல் மெல்லிய வெள்ளிப்பூச்சு இருக்கிறது. அதுதான் தொடுமிடத்தில் தடையைக் குறைத்துவைக்கிறது. தேய்த்ததும் பூச்சு போய் அடியில் உள்ள செம்பு வெளியே வரும், கடற்காற்றில் சில வாரங்களில் மறுபடியும் பச்சை பிடிக்கும், இந்த முறை முன்பைவிடச் சூடாகும். துருநீக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் அடிக்க வேண்டாம். அது தூசியையும் மணலையும் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணல் எவ்வளவு நைசானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது கன்னோடு ஒட்டி உள்ளே போனால் ஒவ்வொரு முறை மாட்டிக் கழற்றும்போதும் அந்தப் பூச்சை அரைத்தெடுக்கும்.

இப்போது உங்கள் மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டு வயரிங் தெரிந்தவருக்கு இந்த வேலை எளிதாகத் தோன்றுவதும் இயல்பே. ஆனால் வீட்டில் மெயினை அணைத்தால் மின்சாரம் போய்விடும். வண்டியில் எதை அணைத்தாலும் பேட்டரிக்குள் சில நூறு வோல்ட் அப்படியே இருக்கும். காண்டாக்டர்கள் திறந்திருப்பதால்தான் போர்ட்டின் டிசி பின்களில் மின்சாரம் இல்லை. அவற்றில் ஒன்று உருகி ஒட்டிக்கொண்டிருந்தால், சாவியை எடுத்த பிறகும் ஒரு பக்கம் உயிரோடு இருக்கும். டிசி மின்சாரத்தில் உண்டாகும் தீப்பொறி, ஏசியில் அணைவதுபோல எளிதில் அணையாது. ஒரு சிறு தவறுக்கு அவர் கொடுக்க வேண்டிய விலை மிகப் பெரியது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பாதுகாப்பை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்தாலும், போர்ட்டை மட்டும் வாங்கி மாட்டுவது தரமான வேலையாக முடிவதில்லை. ஆன்லைனில் கிடைக்கும் போர்ட்டின் முகம் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், ஏனென்றால் கன் மாட்டும் பக்கத்துக்குத் தரம் ஒன்றுதான். பின்பக்கம் அப்படி இல்லை. வெப்பமானியின் வகை, லாக் மோட்டாரின் வயர் வரிசை, பூட்டியதைத் தெரிவிக்கும் சுவிட்ச், கேபிளின் தடிமன், மழைநீர் வடியும் குழாயின் இடம் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். லாக் மோட்டார் சரியான பதிலைச் சொல்லாவிட்டால் வேக சார்ஜர் தொடங்காது. வெப்பமானி வகை மாறினால் நான் மேலே சொன்ன பொய்க் கணக்கு முதல் நாளிலிருந்தே தொடங்கிவிடும். இவை அனைத்தும் பொருந்தினாலும், ஆரஞ்சு நிறக் கேபிளை வெட்டிப் புதிய பின்னோடு இணைக்க வேண்டும். தொழிற்சாலையில் அந்த இணைப்பை அளவெடுத்த அச்சில் பல டன் அழுத்தத்தில் நசுக்கிச் செய்கிறார்கள். கையடக்க கிரிம்பிங் கருவியில் அதே பிடிப்பு வராது. வராத பிடிப்பு என்பது மறுபடியும் 50 மில்லி ஓம், இந்த முறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பாடிக்குள்ளே. அந்தக் கேபிளைச் சுற்றியிருக்கும் கவசப் பின்னலையும் தண்ணீர் புகாத ரப்பர் சீலையும் பழையபடி அமைப்பது அதைவிடக் கடினம். அதனால்தான் தயாரிப்பாளர்கள் கேபிளையும் போர்ட்டையும் ஒரே பொருளாக விற்கிறார்கள். அந்த விலை உங்களுக்குச் சுமை என்பதை அறிவேன். ஆயினும் இந்த இடத்தில் அவர்கள் சொல்வது நியாயம்.

ஒன்றைமட்டும் கேட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் மூடி, லாக் மோட்டார், வெப்பமானி ஆகியவை தனி உதிரிப் பொருள்களாகக் கிடைக்கும். பின்னில் பழுப்பு இல்லாமல் லாக் மட்டுமோ மூடி மட்டுமோ கெட்டிருந்தால் முழு அமைப்பையும் மாற்றத் தேவையில்லை. உங்கள் வண்டியில் பிளாஸ்டிக்கே பழுப்பேறிவிட்டதால் அந்த வழி உங்களுக்கு இப்போது பயன்படாது. ஆனால் உங்களைப் போல வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படலாம்.

சர்வீஸ் மையத்தில் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் அருகில் நின்று கவனிக்க உங்களால் முடியும். வண்டியை அணைத்துச் சாவியை எட்டாத இடத்தில் வைப்பார்கள். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுவார்கள். பிறகு உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, வேலை செய்பவரே அதைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. கன்வெர்ட்டர்களுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் தேக்கிவைத்திருக்கும் மின்சாரம் வடிவதற்குக் கையேட்டில் குறித்த நேரம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் முக்கியமான கட்டம். மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த ஓர் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகு போர்ட்டின் கேபிளில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, மறுபடியும் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செத்துப்போன மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். கையில் அணியும் ரப்பர் கிளவுஸ் ஆயிரம் வோல்ட் வகையாக இருக்க வேண்டும். அணியும் முன் அதன் வாயைச் சுருட்டிக் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பவர் தன் தொழிலை மதிப்பவர் என்று நம்பலாம். இவ்வளவும் செய்யாமல் நேராக ஸ்பேனரோடு வந்தால், தயங்காமல் மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்.

போர்ட்டைக் கழற்றியதும் அது உட்கார்ந்திருந்த பாடித் தகட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். சுற்றிலும் துரு பிடித்திருந்தால் அதைச் சுரண்டிப் பெயின்ட் அடித்த பிறகே புதியதை வைக்க வேண்டும். துருவின் மேல் உட்காரும் ரப்பர் கேஸ்கெட் தண்ணீரைத் தடுக்காது. எர்த் கேபிள் பாடியில் பிணையும் போல்ட்டின் அடிப்பகுதி பளிச்சென்று இருக்க வேண்டும். எல்லா போல்ட்டையும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். போர்ட்டின் அடியிலிருந்து வரும் வடிகுழாய் மடங்காமல் கீழ்நோக்கித் தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். அவசரத்தில் அதைக் கேபிளோடு சேர்த்துக் கட்டிவிடுவதுண்டு, அப்படிக் கட்டினால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியிருக்காது.

மாட்டி முடித்ததும் இன்சுலேஷன் அளவை மெகர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் மீட்டர்) போட்டுப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். மின்வாகனங்களுக்கான இந்தியத் தரமான ஏஐஎஸ்-038, டிசி சுற்றில் ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம், ஏசி சுற்றில் ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 500 ஓம் என்று வரையறுக்கிறது. 300 வோல்ட் பேட்டரி என்றால் டிசியில் 30 கிலோ ஓம். அது தாண்டக் கூடாத எல்லை மட்டுமே. காய்ந்த, புதிய போர்ட்டும் கேபிளும் மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டும். எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அளவை ‘பாஸ்’ என்று எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். பிறகு ஏசியில் ஒரு மணி நேரமும், வேக சார்ஜரில் அரை மணி நேரமும் உங்கள் முன்னிலையில் ஏற்றிக் காட்டி, ஸ்கேனரில் பழைய கோளாறுக் குறியீடுகள் அழிந்து புதிதாக எதுவும் வரவில்லை என்று காட்ட வேண்டும்.

பழைய போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பில்லில் பொருளின் எண் இருக்கட்டும். வாரண்டியில் தர மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘உப்பு அரிப்பு வெளிக்காரணம்’ என்று சொல்லக்கூடும். பச்சை பிடித்த பின்களுக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தினாலும், போர்ட்டின் சீலோ வடிகுழாயோ தொடக்கத்திலேயே சரியில்லாமல் இருந்தால் பொருந்தாது. அதை நிரூபிக்கக் கழற்றும்போது எடுத்த படங்களும் பழைய போர்ட்டும் தேவைப்படும். வண்டி வணிகப் பயன்பாட்டில் இருப்பதால் நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அந்த விலக்கிலிருந்து காப்பாற்றுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் மைத்துனரின் வேலை. ஃபேஸ் அல்லது நியூட்ரல் பின்னில் மட்டும் பழுப்பு இருப்பதால், அந்தச் சூடு வீட்டு சார்ஜிலிருந்து வந்தது. சார்ஜிங் கேபிளின் கன்னைத் திறந்த வெளிச்சத்தில் பாருங்கள். அதே பக்கத்துக் குழலும் கறுத்திருந்தால் அந்தக் கேபிளையும் மாற்ற வேண்டும். கெட்ட கன் புதிய போர்ட்டைச் சில மாதங்களில் கெடுத்துவிடும் என்பதால், போர்ட்டுக்குச் செலவழித்துவிட்டுக் கேபிளில் மிச்சம் பிடிப்பது வீண். அடுத்து, சுவரில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டின் முகத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண வீட்டு சாக்கெட்டுகள் ஒரு மணி நேரம் அயர்ன் பாக்ஸுக்கும் ஹீட்டருக்கும் தாங்கும்; இரவு முழுக்க முழுச் சுமையை ஏற்று நிற்கச் செய்யப்பட்டவை அல்ல. மெயின் போர்டிலிருந்து வேறு எதற்கும் பிரியாத 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாக இழுத்து, தனி எம்சிபியும் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டு, தண்ணீர் புகாத மூடியுள்ள இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டை அவர் மாட்டித் தரலாம். ஆர்சிசிபி ‘ஏ’ வகையாக இருக்கட்டும். ‘ஏசி’ வகை இதற்குப் போதாது. வண்டியோடு வந்த சார்ஜரின் பிளக் அந்த சாக்கெட்டுக்குப் பொருந்தாவிட்டால் அதை வெட்டி மாற்ற வேண்டாம். பிளக்கிலும் சில சார்ஜர்களுக்கு வெப்பமானி உண்டு. நல்ல தரமான 16 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட்டையே மழை படாத பெட்டிக்குள் வைத்துச் சார்ஜரில் 10 ஆம்பியர் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சார்ஜ் ஏறக் கூடுதலாகச் சில மணி நேரம் ஆகும், ஆனால் பின்னில் பிறக்கும் வெப்பம் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

எர்த்தையும் அவர் கையோடு பார்க்கட்டும். கடலோர வீடுகளில் இரும்பு எர்த் குழாய் மண்ணுக்கடியில் சில ஆண்டுகளிலேயே உதிர்ந்துபோகிறது; மேலே தெரியும் முனை முழுசாக இருப்பதை நம்ப முடியாது. எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் காட்டினால் நல்லது. காட்டாவிட்டால் செம்புப் பூச்சுள்ள புதிய கம்பியை இறக்குவது அதிகச் செலவில்லாத வேலை, வீட்டில் எல்லாருக்கும் அது பாதுகாப்பு.

மீன் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. உங்கள் வண்டியில் போர்ட் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. லோடு பெட்டியின் ஓரத்திலோ அடியிலோ இருந்தால், சாளையும் அயிலையும் ஏற்றிய கிரேட்டுகளிலிருந்து உருகி வழியும் ஐஸ் தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்கும். கடல் காற்றில் வருஷக்கணக்கில் படியும் உப்பு இந்தத் தண்ணீரில் ஒரே வாரத்தில் சேர்ந்துவிடும். பெட்டியின் தளத்தில் நாலு பக்கமும் விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றைப் பொருத்தி, அதன் வடிகாலை ஒரு ஹோஸ் மூலம் போர்ட்டுக்கு எதிர்ப்பக்கப் பின்மூலைக்குக் கொண்டுபோய் விடுங்கள். தக்கலையிலோ நாகர்கோவிலிலோ எந்த வெல்டிங் பட்டறையிலும் இதைச் செய்துவிடுவார்கள். பாடியில் ஓட்டை போடும் முன் உள்ளே கேபிள் போகும் பாதையை மட்டும் சர்வீஸ் மையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போர்ட்டின் மேல் ஒரு சிறு ரப்பர் மடிப்பும் வைக்கலாம். வண்டி கழுவும்போது பிரஷர் கன்னை அந்தப் பக்கம் காட்டவே கூடாது. வாரம் ஒருமுறை மூடியின் வெளிப்புறத்தையும் ஓரத்து ரப்பரையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு கன்னைத் தேடிப் போவதும், கழற்றிய கன்னை மணலில் போடுவதும் எல்லாரும் செய்கிறவைதான், அந்தப் பழக்கங்களை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, எப்போது செய்வது என்ற கேள்வி. முட்டம், குளச்சல் பக்கத்தில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் இருப்பதால், அதுவரை ஓட்டிவிட்டு அப்போது வண்டியை நிறுத்தலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தட்டு பொருத்துவதையும் பாடித் துரு வேலையையும் தாராளமாக அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடிச் சாரல் புதிய சீலைச் சோதித்துப் பார்க்கவும் நல்ல காலம். பழுப்பேறிய போர்ட் அதுவரை காத்திருக்காது. இன்றே பொருளுக்குச் சொல்லிவையுங்கள்; பொருள் கைக்கு வந்த பிறகு வண்டியை விட்டால் நின்றுகிடக்கும் நாள்கள் குறையும். இடைப்பட்ட நாள்களில் வீட்டில் இரவு சார்ஜ் போட வேண்டாம். தவிர்க்க முடியாமல் போட வேண்டியிருந்தால், வெயில் நேரத்தில், பின்கள் காய்ந்திருக்கும்போது, சார்ஜரில் உள்ள மிகக் குறைந்த ஆம்பியரில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், தேவையான அளவுக்கு ஏற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கன்னின் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ, முதலில் எம்சிபியை இறக்கிவிட்டு, அதன் பிறகே கன்னைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகு அந்தப் போர்ட்டில் மறுபடி மாட்ட வேண்டாம், இருக்கிற சார்ஜில் வண்டியை நேராகச் சர்வீஸ் மையத்துக்கு ஓட்டிப் போய்விடுங்கள். சார்ஜ் போதாதென்றால் ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள். ஸ்கேனரில் வந்த குறியீடுகளையும் மெகர் அளவையும் எழுதி அனுப்பினால், பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.